பார்க் கோர்ட்டில் பிக்கிள்பால்: பேடிலை வரிசையில் வைத்துவிட்டு உட்காருங்கள்

நான் முதன்முதலில் ஒரு பூங்காவுக்கு பிக்கிள்பால் ஆடப் போன அன்று, கம்பிவேலி ஓரமாக நாற்பது நிமிடம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். (பேடில் என்ற மட்டையால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தாழ்ந்த வலைக்கு மேல் அடித்து ஆடுவதுதான் பிக்கிள்பால்.) யாரும் விரட்டவில்லை, முறைக்கவும் இல்லை. நான்கு பேர் ஆடினார்கள், முடித்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், வேறு நான்கு பேர் இறங்கினார்கள். இதில் எந்த இடத்தில் நான் நுழைவது, யாரைக் கேட்பது என்று பிடிபடவே இல்லை. எட்டு வயதில் தெருவில் போய் "என்னையும் சேத்துக்குவீங்களா" என்று கேட்பது எவ்வளவோ சுலபம். தலை நரைத்த பிறகு வாய் வருவதில்லை.

இப்போது சென்னையில் எங்கள் ஏரியாவில், மாநகராட்சிப் பூங்காவில் இருக்கும் ஷட்டில் கோர்ட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறோம். காசு கிடையாது, மெம்பர்ஷிப் கிடையாது. ஈசிஆர், ஓஎம்ஆர் பக்கம் மணிக்கணக்கில் காசு வாங்கும் பிக்கிள்பால் கோர்ட்டுகள் வந்துவிட்டன, வசதி இருந்தால் அங்கே போவதில் தப்பில்லை, ஆனால் அங்கே போக உங்களோடு வர முதலில் மூன்று பேர் வேண்டும். பூங்கா கோர்ட்டுக்குத் தனியாகவே போகலாம். அப்படித் தனியாகப் போகிறவர்களுக்கும், தங்கள் ஏரியாவில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். விதிகளைக் கற்க இருபது நிமிடம் போதும். தகராறு, மனத்தாங்கல் எல்லாம் ஆடாமல் காத்திருக்கும் நேரத்தில்தான் வருகிறது, அதனால் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

புது கோர்ட் வேண்டாம், ஷட்டில் கோர்ட் போதும்

பிக்கிள்பால் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் அதே அளவுதான். காரணம் இருக்கிறது. 1965 கோடையில், அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஷட்டில் ஆடலாம் என்று பார்த்தால் சாமான் சரியாகக் கிடைக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு பழைய ஷட்டில் கோர்ட்டில் இறங்கிவிட்டார்கள். பிறகு பார்னி மெக்கல்லம் என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். ஷட்டில் உயரத்தில் இருந்த வலை போகப் போக இறங்கி 36 அங்குலத்தில் வந்து நின்றது.

ஆகவே நம் பூங்காவில் செய்ய வேண்டியது இரண்டே வேலை. ஒன்று, வலையை இறக்குவது: கம்பத்தின் அருகே 36 அங்குலம், நடுவில் 34. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்றைப் பையிலேயே போட்டுவைத்துக்கொள்ளுங்கள், "இடுப்பளவு போதும் சார்" என்று ஆரம்பித்தால் யாருடைய இடுப்பு என்று கேள்வி வரும். ஷட்டில் வலையின் உயரமே இரண்டரை அடி என்பதால், இறக்கிக் கட்டினாலும் தரைக்கும் வலைக்கும் நடுவே அரை அடி சந்து இருக்கும். பந்து சில நேரம் அதில் புகுந்து போகும், மேலே போனதா கீழே போனதா என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும். பழகிவிடும்.

இரண்டாவது வேலை, கோடு. ஷட்டிலின் முன்கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும், நமக்கு வேண்டியது ஏழு அடி. அரை அடி பின்னால் தள்ளி சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் முடிந்தது. நாங்கள் ஒருநாள் கோலமாவில் போட்டுப் பார்த்தோம், மார்கழி வாசல் மாதிரி பளிச்சென்று இருந்தது, பத்து நிமிடத்துக்குள் இரண்டு பேர் வழுக்கினார்கள். சாக்பீஸே போதும். பெயிண்ட் பக்கம் போகவே வேண்டாம், அது பொதுச் சொத்து, அனுமதி இல்லாமல் கோடு போட்டால் ஷட்டில் ஆடுபவர்களும் சண்டைக்கு வருவார்கள், பூங்கா பார்த்துக்கொள்பவருக்கும் நம்மால் திட்டு விழும். அரையடிக்கு மெனக்கெட மனமில்லையா, ஷட்டில் கோட்டையே வைத்து ஆடுங்கள். உள்பக்க ஓரக்கோடுகளையும், கடைசிக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் இன்னொரு கோட்டையும் கண்டுகொள்ளாதீர்கள். வெளிக்கோடுதான் கணக்கு.

ஷட்டில்காரர்களிடம் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள்

சென்னையில் எந்தப் பூங்கா கோர்ட்டை எடுத்துக்கொண்டாலும் காலை ஐந்தரைக்கே வந்து ஆடும் ஷட்டில் கோஷ்டி ஒன்று இருக்கும். அதில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருப்பார், வலை அவர் வீட்டில்தான் இருக்கும். வருஷக்கணக்காக அந்தத் தரையைப் பெருக்கி, கிழிந்த வலையைத் தைத்து, எரியாத விளக்குக்காக மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் போட்டுக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள். நீங்கள் திடீரென்று போய் வலையை இறக்கினால் எப்படி இருக்கும்? முதல் நாள் பேடிலே இல்லாமல் போங்கள். "சார், நீங்க எத்தனை மணி வரைக்கும் ஆடுவீங்க, அதுக்கப்புறம் நாங்க ஒரு மணி நேரம் ஆடிக்கலாமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கூடவே இலவசமாக அறிவுரையும் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷட்டில்காக் ஐந்து கிராம்தான் எடை. வெயில் காலத்தில் நம் ஊரில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வர ஆரம்பித்தால் திறந்தவெளியில் ஷட்டில் ஆடவே முடியாது, இறகு பந்து தன்னிஷ்டத்துக்குப் போகும். பிக்கிள்பால் பந்து 22 முதல் 26 கிராம் வரை இருக்கும், காற்று அதையும் திருப்பத்தான் செய்யும், ஆனால் ஆட முடியும். ஆகவே சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை, காற்றைப் பார்த்து ஷட்டில்காரர்கள் வராத அந்த நேரத்தைக் கேளுங்கள். அவர்களுக்கு ஆகாத நேரம் நமக்கு ஆகும். வெளியில் ஆடுவதற்கென்று விற்கும் பந்தையே வாங்குங்கள், சின்னச் சின்னதாக 40 ஓட்டைகள் இருக்கும். உள்ளரங்கப் பந்தில் 26 பெரிய ஓட்டைகள், காற்றில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அக்கம்பக்கத்து வீடுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேடிலில் பந்து படும்போது 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வரும், ஆடுகிறவருக்கு அது சங்கீதம், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவருக்கு இல்லை. அடுக்குமாடி ஒட்டியிருந்தால் காலை ஏழுக்கு முன்னால் வேண்டாம்.

வரிசை

நாற்பது நிமிடம் நான் நின்றேன் என்றேனே, அந்தக் கோர்ட்டில் இல்லாதது இதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது நமக்குப் புதிதில்லை. இங்கே பேடில்தான் துண்டு. வந்தவுடன் பேடிலைச் சிமென்ட் பெஞ்சில் வரிசையின் கடைசியில் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் முன்னால் இருக்கும் நான்கு பேடில்களின் சொந்தக்காரர்கள் இறங்க வேண்டும், ஆடி முடித்த நால்வரும் தங்கள் பேடிலைக் கடைசியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். பேடில் இல்லாதவர் செருப்பை வைக்கட்டும், தண்ணீர் பாட்டிலை வைக்கட்டும், எங்கள் கோர்ட்டில் ஒரு அம்மா வாக்கிங் முடித்து வந்து கீரைப் பையை வைத்துவிட்டு உட்காருவார்.

ஆனால் பஸ் துண்டு மாதிரி நண்பனுக்கும் மச்சானுக்கும் சேர்த்துப் போடக் கூடாது. ஆள் நேரில் நின்றால்தான் பேடில் செல்லும். "வந்துட்டே இருக்கான் சார், சிக்னல்ல நிக்கிறான்" என்பதெல்லாம் எடுபடாது.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 11 பாயிண்ட் ஆட்டம் ஒன்று சுமாராகக் கால் மணி நேரம் இழுக்கும். பன்னிரண்டு பேர் இருந்தால் எட்டுப் பேர் காத்திருப்பார்கள், அதாவது அரை மணி நேரம். அது பரவாயில்லை, பேச்சுத் துணை இருந்தால் ஓடிவிடும். பதினாறு பேர் ஆகிவிட்டால் முக்கால் மணி, புதிதாக வந்தவர் கிளம்பிவிடுவார். எனவே கூட்டம் சேர்ந்ததும் ஆட்டத்தை 7 பாயிண்டாகக் குறைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆள் குறைவாக, மொத்தமே ஆறு பேர் என்றால் ஜெயித்த இருவர் நிற்கலாம், தோற்றவர்கள் வெளியே. அதுவும் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. ஜெயித்த ஜோடி அப்படியே சேர்ந்து நின்றால் மற்றவர்களுக்கு அன்றைக்கு விடிவே இல்லை, எனவே பிரித்துவிடுங்கள், ஆளுக்கொரு பக்கம்.

வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழை வந்தால் சொல்ல, பந்து வாங்கக் காசு பிரிக்க அது வசதிதான். ஆனால் "நாளைக்கு யார் யார் வர்றீங்க, கை தூக்குங்க" என்று ஆரம்பித்து, எட்டுப் பேர் கை தூக்கியதும் "ஃபுல்" என்று போட்டுவிடுகிறார்களே, அன்றோடு அது பூங்கா இல்லை. 2024 அக்டோபரில் மாநகராட்சி தன் செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம்தான் கோபப்பட்டோம். ஒரு ரூபாய்கூட வாங்காமல் வெறும் குரூப்பை வைத்தே அதே கதவை நாம் சாத்திவிட முடியும், அதுவும் நமக்கே தெரியாமல். எனவே எங்களிடம் இருக்கும் ஒரே கறாரான விதி: குரூப்பில் சொல்லிவிட்டு வந்தவருக்கும் சும்மா வழியில் எட்டிப் பார்த்தவருக்கும் ஒரே வரிசை.

புதிதாக ஒருவர் வேலியோரம் நிற்கிறார் என்றால்

"யார் கூட வந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். அக்கறையாகத்தான் கேட்போம், கேட்பவர் காதில் "உன்னை யார் கூப்பிட்டது" என்று விழும். "வாங்க, பேர் என்ன, இந்தாங்க பேடில், இதுக்கு அடுத்த கேம் நீங்க." இந்த ஒரு வரிக்காகவே ஒரு கூடுதல் பேடிலைப் பையில் வைத்திருங்கள். நல்ல பேடிலாக இருக்க வேண்டியதில்லை, யாரோ புதிது வாங்கியதும் ஒதுக்கிய பழைய மரப் பேடில் போதும்.

முதல் ஆட்டத்தில் அவரை நன்றாக ஆடுகிறவரோடு ஜோடி சேருங்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாப் பந்தையும் அவர் பக்கமே அடித்துப் பாயிண்ட் எடுக்காதீர்கள், அதே சமயம் தெருவில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குட்டிப் பையனைச் சேர்த்து அவனுக்கு மட்டும் அவுட்டே கிடையாது என்போமே, அப்படியும் நடத்தாதீர்கள். பெரியவர்களுக்கு இரண்டுமே சங்கடம். அப்புறம், கேட்காமல் கோச்சிங் தரும் வியாதி. ஒவ்வொரு பந்துக்கும் "கையை இப்படி வைங்க, முட்டியை மடக்குங்க" என்று சொன்னால் வந்தவர் நாளைக்கு வர மாட்டார். ஆட்டத்துக்கு ஒரு விஷயம், அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு. இதில் நானே அடிக்கடி தவறுகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் என்னை முறைத்து அடக்குவார்கள்.

பிக்கிள்பால் என்ற பெயருக்கும் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் கேட்பார்கள். பிரிட்சர்ட் வீட்டு நாயின் பெயர் பிக்கிள்ஸ் என்று ஒரு கதை உண்டு. பிரிட்சர்டின் மனைவி ஜோன் சொன்ன கதை வேறு: படகுப் போட்டியில் மற்ற படகுகளில் இடம் கிடைக்காமல் மிஞ்சியவர்களை ஒன்றாக ஏற்றிவிடும் படகுக்கு 'பிக்கிள் படகு' என்று பெயராம், பல ஆட்டங்களின் மிச்சசொச்சத்தைக் கலந்து உண்டான ஆட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தாராம். எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தை வந்து பார்த்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

சரி, ஆட்டம்

சர்வ் கீழ்க்கையால், இடுப்புக்குக் கீழே பந்தைத் தொட்டு, கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்று, குறுக்காக எதிர்க் கட்டத்தில் விழும்படி. ஒரே வாய்ப்புதான், டென்னிஸ் மாதிரி இரண்டாவது கிடையாது. அப்படிப் போட வராதவர்கள் பந்தைக் கையிலிருந்து அப்படியே கீழே விட்டு, அது துள்ளி எழும்பும்போது அடிக்கலாம், அதுவும் விதிப்படி சரியே. புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

சர்வ் வந்தால் ஒரு பிட்ச் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அதைத் திருப்பி அடித்தால், சர்வ் போட்ட பக்கத்தினரும் ஒரு பிட்ச் விட்டே எடுக்க வேண்டும். அதன் பிறகு பிட்ச் ஆகாமல் அந்தரத்திலேயே அடிக்கலாம். ஒன் பிட்ச் கேட்ச் பிடித்து வளர்ந்த நமக்கு இதில் குழப்பமே வராது.

குழப்பம் வருவது கிச்சனில். வலையை ஒட்டிய ஏழு அடிக்கு அந்தப் பெயர். அதற்குள் நின்றுகொண்டு, அதன் கோட்டை மிதித்துக்கொண்டுகூட, அந்தரத்தில் வரும் பந்தை அடிக்கக் கூடாது. பிட்ச் ஆன பந்தை அடிக்க உள்ளே தாராளமாகப் போகலாம். நிறையப் பேர் கிச்சனுக்குள் காலே வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கைக்கு எட்டும் பந்தை விட்டுவிடுகிறார்கள், வீட்டில்தான் அந்தப் பழக்கம் என்றால் இங்கேயுமா. இன்னொன்று, வெளியே நின்று அந்தரத்தில் அடித்துவிட்டு அடித்த வேகத்தில் உள்ளே கால் போனாலும் தப்புதான். அப்படி அடிக்கும்போது உங்கள் தொப்பி கழன்று உள்ளே விழுந்தாலும் தப்பு. தோளில் துண்டு போட்டு ஆடும் சார்கள் கவனிக்கவும்.

ஸ்கோர் முதல் வாரம் யாருக்கும் புரியாது. சர்வ் போடும் பக்கத்துக்குத்தான் பாயிண்ட். ஜோடியில் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போட்டு, இருவரும் இழந்த பிறகே சர்வ் எதிர்ப்பக்கம் போகும். அதனால் மூன்று எண் சொல்கிறோம்: "நாலு, ரெண்டு, ஒண்ணு" என்றால் எங்களுக்கு நாலு, உங்களுக்கு ரெண்டு, போடுவது எங்கள் பக்கத்து முதல் ஆள். ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் முதலில் போடும் பக்கத்துக்கு ஒரே ஆள்தான், எனவே "ஜீரோ, ஜீரோ, ரெண்டு" என்று ஆரம்பிக்கும். பாயிண்ட் எடுத்தால் சர்வ் போட்டவரும் ஜோடியும் இடம் மாறிக்கொள்வார்கள், எதிர்ப்பக்கத்தினர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். 11 எடுத்தால் ஜெயம், ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். சர்வ் போடுமுன் சத்தமாகச் சொல்லுங்கள், தப்பாகச் சொன்னால் நான்கு பேர் திருத்துவார்கள்.

கோட்டுத் தகராறுக்கு ஒரே வழி. உங்கள் பக்கம் விழுந்த பந்துக்கு நீங்கள்தான் நீதிபதி, கோட்டில் பட்டால் உள்ளேதான், சந்தேகம் என்றால் எதிராளிக்குச் சாதகமாகவே சொல்லுங்கள். சர்வ் மட்டும் கிச்சன் கோட்டில் பட்டால் செல்லாது. அம்மா சத்தியம் எல்லாம் வேண்டாம்.

விழாமல் ஆடுங்கள்

நான் பார்த்த காயங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடி, மல்லாக்க விழுவது. சிமென்ட் தரை, மணிக்கட்டு போய்விடும். திரும்பி ஓடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள், ஒரு பாயிண்ட்தானே. வாக்கிங் ஷூ பக்கவாட்டில் புரளும், ஷட்டில் ஷூவோ டென்னிஸ் ஷூவோ நல்லது. பூங்காவில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஷட்டில் ஆடுவார்கள், அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

பந்து ஆட்டத்துக்கு நடுவே எங்கிருந்தாவது உருண்டு வந்தால் "பால்!" என்று கத்துங்கள், உடனே எல்லோரும் நிற்க வேண்டும், அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடிக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் ஐந்துக்குக்கூடத் தரை அனலாக இருக்கும், தொப்பியும் ஒரு பாட்டில் மோரும் இல்லாமல் இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் துடைத்துவிட்டு ஆடலாமே என்று ஆசை காட்டும், பாசி பிடித்த சிமென்டில் வேண்டவே வேண்டாம், அன்றைக்கு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கிளம்பும்போது சாக்பீஸ் கோட்டின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, வலையைப் பழையபடி ஐந்தடிக்கு ஏற்றி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுங்கள். மறந்தீர்களானால் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வங்கி அதிகாரியிடமிருந்து போன் வரும்.